நடுக்கோடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

கம்பனையும் வள்ளுவனையும் பற்றிப் பேசிப் பழகிய இம்மேடையில், சாலையின் நடுவே தீட்டப்படும் ஒரு கோட்டைப் பற்றிப் பேச முற்பட்டிருக்கிறேன். ‘நடுக்கோடு’ என்று தலைப்பை எழுதிக் கொடுத்தபோது, அது நிலநடுக்கோட்டைப் பற்றிய புவியியற் சொற்பொழிவு என்று கருதிய செயலாளர் அவர்கள், மாணவர்களுக்குப் பயன்படும் என மகிழ்ந்து உடனே ஒப்புதல் அளித்துவிட்டார்கள். அளித்த ஒப்புதலை இனித் திரும்பப் பெற இயலாது என்னும் துணிவோடு பேசுகிறேன்.

நாம் வாழும் அடுகோடி, ஓசூர்ச் சாலையை ஒட்டி வளர்ந்த ஊர். லாரிகளையும் பேருந்துகளையும் இயக்கும் டீசல் பம்புகளைச் செய்துவந்த மைக்கோ தொழிற்சாலை தோன்றி வளர்ந்ததும் இங்கேதான். இச்சாலை நமக்கு வெறும் போக்குவரத்து வழியன்று; பிறந்த ஊருக்குச் செல்லும் வழி. பொங்கலுக்கும், ஆடித் திருவிழாவுக்கும், அண்ணாமலையார் தீபத்துக்கும், குலதெய்வத்துக்கு முடியிறக்கவும், பங்காளி வீட்டு நன்மை தீமைகளுக்கும் நாம் இவ்வழியேதான் செல்கிறோம். கிருட்டிணகிரி வரையில் கவலையில்லை. நடுவே தடுப்புச் சுவர் எழுப்பிய அகன்ற பெருவழி அது. எதிரே வருவோர் வேறு, நாம் வேறு. ஆனால் கிருட்டிணகிரியில் இடப்புறம் திரும்பி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் இறங்கியவுடன் நிலைமை மாறிவிடுகிறது. அது போவோரும் வருவோரும் ஒன்றாய்ப் பயன்படுத்தும் இருவழிச் சாலை. அங்கே நமக்கும் எதிரே வரும் லாரிக்கும் இடையே நிற்பது சுவரன்று, கம்பியன்று. நான்கு விரற்கடை அகலமுள்ள சாயம் மட்டுமே.

2023-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அத்திங்கள் 15-ஆம் நாள், மேல்மலையனூர் அங்காளம்மனைத் தொழுது பெங்களூரு நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த கார் ஒன்று, செங்கத்தை அடுத்து எதிரே வந்த லாரியோடு மோதியதில் ஏழு உயிர்கள் போயின. அந்தத் துயரம் ஆறுவதற்குள், 23-ஆம் நாள், அதே செங்கத்தின் அருகே ஒரு காரும் அரசுப் பேருந்தும் நேருக்கு நேர் மோதி மேலும் எழுவர் மாண்டனர். எந்த ஓட்டுநர் என்ன செய்தார் என்று தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. அதற்குக் காவல்துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஆயினும் ஒன்று தெளிவு. எதிரெதிரே வருகின்ற இரண்டு வண்டிகள் நேராக மோதவேண்டுமானால், அவற்றுள் ஒன்று நடுக்கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். கண்ணயர்ந்து தாண்டலாம், சக்கரம் வெடித்துத் தாண்டலாம், முந்துவதற்காக அறிந்தே தாண்டலாம். முன் இரண்டும் நம் கையை மீறியவை என்று ஒருவாறு சமாதானம் கூறிக்கொள்ளலாம். மூன்றாவது முழுவதும் நம் கையில் உள்ளது. ஆதலின் அதைப் பற்றி மட்டுமே இன்று பேசுகிறேன்.

நான் இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். எங்கள் துறையில் இதே சிக்கல் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. ஒற்றைத் தடத்தில் இரு திசையிலிருந்தும் வண்டிகளை விட்டாக வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே துண்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது. தொடக்கத்தில் தந்தியை நம்பினார்கள். 1874 செப்டம்பர் 10-ஆம் நாள் இரவு, இங்கிலாந்தில் நாரிச் நகரை அடுத்த தோர்ப் என்னுமிடத்தில், அனுப்பியிருக்கக் கூடாத ஒரு தந்தி அனுப்பப்பட்டுவிட்டது. இரு முனையிலிருந்தும் வண்டிகள் புறப்பட்டுவிட்டன. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே தவறு தெரிந்துவிட்டது. ஆனால் தடுக்க வழியில்லை. இரண்டு நிலையங்களிலும் இருந்தவர்கள் மோதலுக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாத நிலை. இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அதன்பின் 1878-இல் டயர் என்பவர் ஒரு மின்கருவியை உருவாக்கினார். இரு நிலையத்திலும் ஒவ்வொரு பெட்டி. இரண்டும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அது மீண்டும் உள்ளே போகும்வரை இரு பெட்டியிலிருந்தும் வேறொன்றை எடுக்க முடியாது. வில்லை எந்த ஓட்டுநர் கையில் இருக்கிறதோ அவருக்கே தடம்.

நம் நாட்டில் அந்த வில்லைக்குப் பதிலாக எஃகுப் பந்தைப் பயன்படுத்தினார்கள். பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள்: சிற்றூர் நிலையத்தில் நில்லாமல் போகும் வண்டியின் ஓட்டுநர், பிரம்பு வளையத்தோடு கூடிய ஒரு பையைக் கீழே எறிந்துவிட்டு, நடைமேடையில் நிற்பவர் நீட்டுகின்ற வேறொரு வளையத்தைக் கைநீட்டி வாங்கிக்கொள்வார். அந்தப் பைக்குள் இருந்ததுதான் டோக்கன் என்னும் பந்து. இப்போது பந்து இல்லாத கருவிகள் வந்துவிட்டன, விதி மாறவில்லை. ஓசூர், தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் தடம் நெடுங்காலம் ஒற்றைத் தடமாகவே இருந்தது. அவ்வழியே போனவர்கள், ஆளரவமற்ற நிலையத்தில் வண்டி அரைமணி நேரம் நின்றபோது, “கிராசிங் போட்டுவிட்டான்” என்று சலித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சலிப்புத்தான் நாம் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்ததற்குக் கொடுத்த கட்டணம்.

இப்போது இருவழிச் சாலைக்கு வாருங்கள். முன்னால் போகும் பேருந்தை முந்துவதற்காக நாம் வலப்புறம் ஏறும் அந்தத் தடம் யாருடையது? எதிரே வருபவருடையது. நாம் அதைச் சில விநாடிகளுக்கு இரவல் வாங்குகிறோம். அந்தச் சில விநாடிகளுக்கு அது ஒற்றைத் தடம். எந்த நிலைய அதிகாரியைக் கேட்டோம்? எந்தப் பந்தைக் கையில் வாங்கினோம்? கண்ணுக்கு எட்டியவரை ஒன்றும் வரவில்லை என்பதே நம்மிடம் உள்ள டோக்கன். ஆகவே கண்ணுக்கு எவ்வளவு தொலைவு எட்டுகிறது, எவ்வளவு தொலைவு எட்டவேண்டும் என்பதே கேள்வி.

இதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. பேருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நம் கார் 80-இல் போகிறது என்று கொள்ளுங்கள். பேருந்தின் நீளம், நம் காரின் நீளம், முந்தத் தொடங்கும்போது பின்னால் விட்ட இடைவெளி, முந்தி முடித்து முன்னால் நுழையும்போது விடவேண்டிய இடைவெளி, எல்லாம் சேர்ந்து 45 மீட்டர் என்று வைப்போம். வேக வேற்றுமை 20 கிலோமீட்டர்; அதாவது விநாடிக்கு ஐந்தரை மீட்டர். 45 மீட்டரைக் கடக்க எட்டு விநாடி ஆகும். அந்த எட்டு விநாடியில் நம் கார் ஏறத்தாழ 180 மீட்டர் ஓடிவிடும். எதிரே வருபவரும் 80-இல் வந்தால் அவரும் 180 மீட்டர் ஓடி வந்திருப்பார். ஆக 360 மீட்டர் வெறுமையாக இருந்தால், இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு உரசாமல் தப்பும், அவ்வளவே. முந்தலாமா என்று எண்ணிப் பார்க்கும் நேரம் இதில் சேரவில்லை.

இந்தியச் சாலைக் காங்கிரசு என்னும் பொறியாளர் அமைப்பு 1976-இல் வெளியிட்ட அளவின்படி, 80 கிலோமீட்டர் வேகச் சாலையில் முந்துவதற்கு வேண்டிய பார்வைத் தொலைவு 470 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்திற்கு 640 மீட்டர். அதே 80-இல் போகும் வண்டி, தடை கண்டு நிற்பதற்கு வேண்டிய தொலைவோ 120 மீட்டர்தான். இருபது பெட்டி கொண்ட விரைவு வண்டி ஒன்று நிலையத்தில் நிற்பதை மனத்தில் கொண்டுவாருங்கள். நிற்பதற்கு ஐந்து பெட்டி நீளம் போதும். முந்துவதற்கு முழு வண்டியின் நீளமும் வேண்டும். நின்றுவிடும் அளவுக்குப் பாதை தெரிந்தாலே முந்தலாம் என்று எண்ணிவிடுகிறோமே, அங்கேதான் கேடு தொடங்குகிறது.

இன்னொரு கணக்கு. பேருந்து 60-க்குப் பதிலாக 70-இல் போனால்? வேற்றுமை பத்தே கிலோமீட்டர். எட்டு விநாடி பதினாறு ஆகும். 360 மீட்டர் 720 ஆகும். சற்றே குறைந்த வேகத்தில் போகும் வண்டியை முந்துவதுதான் மிகவும் ஆபத்தானது. அதனால் கிடைக்கும் ஆதாயமும் மிகக் குறைவு. அறுபதில் போகும் பேருந்தின் பின்னால் பத்துக் கிலோமீட்டர் பொறுத்துப் போனாலும், எண்பதில் போனவனைவிட இரண்டரை நிமிடமே பிந்துவோம். ஊத்தங்கரையில் ஒரு தேநீர் குடிக்க அதைவிட நேரம் ஆகும்.

எங்கே 470 மீட்டர் தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்பதை ஓடும் வண்டியிலிருந்து யாரும் அளக்க முடியாது. அளக்க வேண்டியவர்கள் அளந்து, அளந்ததைச் சாலையின் மீதே எழுதிவைப்பதுதான் நடுக்கோடு. அதன் இலக்கணம் எளியது. விட்டுவிட்டு வரும் கோடு இருந்தால், எதிரே பார்த்து முந்தலாம். துண்டுகள் நீண்டு, இடைவெளிகள் குறுகத் தொடங்கினால், தடை வருகிறது என்று எச்சரிக்கை. முந்திக்கொண்டிருப்பவர் முடித்துக்கொள்ள வேண்டும், புதிதாகத் தொடங்கலாகாது. இடைவிடாத இரட்டைக் கோடு என்றால் இரு திசையினரும் தாண்டலாகாது. ஒன்று தொடர்ந்தும் மற்றொன்று விட்டுவிட்டும் இணையாக வந்தால், நம் பக்கத்தில் உள்ள கோடு எதுவோ அதுவே நமக்கு ஆணை. இக்கடைசி விதியை உரிமம் பெற்றவர்களுள் பலர் அறியமாட்டார்கள். இங்கிருக்கும் இளைஞர்களையே கேட்டுப் பாருங்கள்.

வளைவிலும் மேட்டிலும் தொடர்கோடு இருப்பதன் காரணம் யாவருக்கும் விளங்கும். சத்தியமங்கலம் போகிறவர்கள் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டையூசி வளைவுகளில் முந்த நினைப்பதில்லை. அங்கே மலையே அச்சுறுத்துகிறது. ஆனால் நேராகத் தோன்றும் சமவெளிச் சாலையில் தொடர்கோட்டைக் கண்டால், “இங்கே எதற்கு?” என்று சிரித்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். நண்பர்களே! அத்தகைய இடத்தில் பெரும்பாலும் ஒரு பள்ளம் மறைந்திருக்கும். சாலை சற்றே தாழ்ந்து, பின் ஏறும். தாழ்ந்த இடம் நம் கண்ணுக்குத் தெரியாது. அப்பால் ஏறுகின்ற பகுதி மட்டும் தெரியும். இரண்டும் ஒட்டி, தொடர்ந்த வெற்றுச் சாலைபோலக் காட்சியளிக்கும். பள்ளத்துக்குள் ஒரு கார் முழுதாக மறைந்து வரும். பொறியாளர்கள் ஓட்டுநரின் கண்ணைத் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் வைத்துப் பார்த்து அளந்திருக்கிறார்கள். நமக்குத் தெரியாதது அங்கே இருக்கிறது என்பதே அக்கோட்டின் பொருள்.

இக்கோடு வந்த வரலாறும் சுவையானது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1911-இலேயே ஒரு சாலையில் நடுக்கோடு இழுக்கப்பட்டது. கலிபோர்னியாவில் இதற்காகப் பாடுபட்டவர் ஒரு பெண்மணி; சூன் மெக்கரால் என்னும் மருத்துவர். 1917-இல் இண்டியோ என்னும் ஊருக்கருகே அவர் காரோட்டிச் சென்றபோது, எதிரே வந்த லாரி ஒன்று அவரைச் சாலையைவிட்டே மணலில் இறக்கிவிட்டது. அதிகாரிகளிடம் முறையிட்டார்; கேட்பாரில்லை. தாமே சாலையில் வெள்ளைக் கோடு தீட்டிக் காட்டினார். மாதர் சங்கங்களைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் மனு எழுதினார். 1924-இல்தான் கலிபோர்னிய அரசு இசைந்தது. 2002-இல் அவ்வூரை அடுத்த பெருவழிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். நம் சங்கத்து மகளிர் அணியினர் இதைக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். மனு எழுதுவதில் நம் தாய்மார்கள் சளைத்தவர்களல்லர் என்பதைத் தண்ணீர்க் குழாய் விவகாரத்தில் கண்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே, வளைவு, திருப்பம், மேடு முதலியவற்றால் முன்னே தெளிவாகத் தெரியாத இடத்தில் முந்தலாகாது என்றும், மஞ்சள் கோட்டைத் தாண்டி முந்தலாகாது என்றும் இருந்தது. தன்னை ஒருவர் முந்தும்போது வேகத்தைக் கூட்டுவதும் குற்றமே. 2017-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், முறைகேடாக முந்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே வகைப்படுத்தியது. முதன்முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தில் குறையில்லை. ஆயினும் 2022-இல் இந்நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர்; அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது, 64,105 விபத்துகளோடு, நம் தமிழ்நாடு. இவை எல்லாம் முந்தியதால் விளைந்தவை அல்ல. எனினும் தமிழர் முதலிடம் பெற்றதாகப் பெருமை பேசும் மேடைகளில் இந்த முதலிடத்தையும் ஒருமுறை சொல்லிவைக்க வேண்டும்.

சட்டத்தில் எழுதாத வழக்கங்கள் சில சாலையில் வேரூன்றிவிட்டன. முன்னே போகும் லாரிக்காரர் வலப்புற விளக்கை மினுக்கினால், “முந்திக்கொள்” என்று பொருள் கொள்கிறோம். அதே விளக்குக்கு, “நான் வலப்புறம் திரும்பப் போகிறேன்” என்றும் பொருள் உண்டு. உண்மையான பொருள் அதுதான். ஒரே சைகைக்கு இரண்டு பொருள், அதுவும் ஒன்றுக்கொன்று எதிரான பொருள்! இரயில்வேயில் ஒரு விளக்கு இப்படி இருந்தால் அன்றே கழற்றிவிடுவார்கள். முந்த விடுவதற்கென்று பழைய விதிகளில் வலக்கையை வெளியே நீட்டி முன்னும் பின்னுமாக அரைவட்டமாய் அசைக்கும் சைகை இருந்தது. அதை அறிந்தவர் இன்று அரியர். லாரிக்காரர் நல்லெண்ணத்தோடேதான் மினுக்குகிறார். ஆனால் நம் கார் எவ்வளவு நேரத்தில் கடக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்து, ஒட்டிக்கொண்டு முந்துவது. முன்னால் ஒரு கார் துணிந்து ஏறுகிறது. “அவன் போகிறானே” என்று இரண்டாவது கார் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. இரண்டாமவர் கண்ணுக்குத் தெரிவது முதற்காரின் பின்புறம் மட்டுமே. முதற்கார் சரேலென்று இடப்புறம் ஒதுங்கித் தப்பிவிடும். இரண்டாமவருக்கு லாரியின் முகம் அப்போதுதான் தெரியும். ஒரு பந்துக்கு ஒரு வண்டி என்பது எங்கள் விதி. ஒருவர் பந்தில் இருவர் போகலாகாது. உறவினர்கள் இரண்டு மூன்று கார்களில் ஒன்றாகப் புறப்படும்போது இது மிகுதியும் நேர்கிறது. பிரிந்துவிடக் கூடாதே என்று பின்வண்டிக்காரர் பறக்கிறார். பிரிந்தால் என்ன? செங்கத்தில் சேர்ந்துகொள்ளலாம்; கைப்பேசி எதற்கு இருக்கிறது?

குற்றம் ஓட்டுநரிடம் மட்டும் இல்லை. பல இடங்களில் கோடு அழிந்துகிடக்கிறது. சாலைக்குப் புதுத் தார் போட்டபின் திங்கட்கணக்கில் கோடு போடாமல் விடுகிறார்கள். வேறு சில இடங்களில், அளந்து பாராமல், கிலோமீட்டர்க் கணக்கில் தொடர்கோட்டையே இழுத்துவிடுகிறார்கள். இது மேலும் கேடு. தடை தேவையில்லாத இடத்தில் தடை எழுதினால், தேவையான இடத்தில் எழுதியதையும் மக்கள் நம்பமாட்டார்கள். எப்போதும் சிவப்பாகவே எரியும் கைகாட்டியை எந்த ஓட்டுநர் மதிப்பார்? முந்துவதற்கு இடமே விடாமல் ஐம்பது கிலோமீட்டர் போனால், கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்னால் ஊர்ந்துவரும் மனிதன் பொறுமை இழந்து தவறான இடத்தில் துணிவான். ஆகவே முந்தத்தக்க இடங்களை உண்டாக்கிக் கொடுப்பதும் அரசின் கடமை. சுவீடன் நாட்டினர் 1998 முதல், மூன்று தடமுள்ள சாலை அமைத்து, நடுத்தடத்தைச் சிறிது தொலைவு இத்திசையினருக்கும், சிறிது தொலைவு அத்திசையினருக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்து, இடையே கம்பித் தடுப்பும் கட்டினார்கள். உயிரிழப்பு பெருமளவு குறைந்தது. இதோ வருகிறது நம் முறை என்று தெரிந்தால், எவரும் காத்திருப்பார்கள். எங்கள் கிராசிங் நிலையமும் அதுவேயன்றோ?

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு சொல். வண்டி ஓட்டுபவரைப் பேசி எரிச்சலூட்டக் கூடாது என்று தாய்மார்கள் பின்னிருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு முருகனை வேண்டுகிறீர்கள். வேண்டுங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வேண்டுங்கள். “ஏங்க, கோடு சேர்ந்து வருது” என்று ஒரு சொல் சொல்லுங்கள். வாடகை வண்டியானால் ஓட்டுநர் தம்பியிடம், “எங்களுக்கு அவசரமில்லை, அப்பா” என்று புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். பாதி முந்தல்கள் நம்மை மகிழ்விப்பதற்காகவே நடைபெறுகின்றன. வண்டி வேகமாகப் போனால் கெட்டிக்கார ஓட்டுநர் என்று பாராட்டி, கூடுதலாக நூறு ரூபாய் கொடுப்பவர்களும் நாம்தாமே?

செயற்குழுவுக்கு மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். பொங்கலுக்குத் திருவண்ணாமலைக்கு ஏற்பாடு செய்யும் வேன்கள் இரவு பத்து மணிக்குப் பதிலாக விடியற்காலை நாலரைக்குப் புறப்படட்டும். கிருட்டிணகிரியைத் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும், கோடும் கண்ணுக்குத் தெரியும். இத்தனை மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் பேசும் வழக்கத்தை விட்டுவிடுவோம். மூன்றாவதாக, ஊத்தங்கரைக்கும் செங்கத்துக்கும் இடையே கோடு அழிந்திருக்கும் இடங்களை, இம்முறை போகிறவர்கள் கிலோமீட்டர்க் கல்லின் எண்ணோடு குறித்துக்கொண்டு வாருங்கள். தேசிய நெடுஞ்சாலைத் துறைக்கு மனு எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். கையொப்பம் திரட்டும் பொறுப்பை மகளிர் அணியினர் ஏற்கவேண்டும். தை பிறந்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு, சங்கக் கூடத்தில் குறிப்புகளோடு கூடுவோம்.